நம்பிக்கையும் ஒரு வீரமே

(கிராம வாசிகசாலையொன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



துன்பக் காலத்துத் தலைமை என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு இச்சபையார் என்னைப் பணித்திருக்கின்றனர். தலைமையைப் பற்றிப் பேசுவதற்கு நம்மிடையே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மேடைதோறும் அப்பேச்சுத்தான். ஆனபடியால் பொதுப்படப் பேசி உங்கள் பொழுதை வீணாக்க நான் விரும்பவில்லை. ஒரு மனிதருடைய வரலாற்றை எடுத்துக்கொண்டு, அதனுள்ளே நின்று ஒரேயொரு கேள்விக்கு விடை தேட விரும்புகிறேன். எல்லாம் இழந்துபோன வேளையிலும் "வழி உண்டு" என்று சொல்பவன் வீரனா, ஏமாற்றுக்காரனா என்பதே அக்கேள்வி.

இக்கேள்வி வேடிக்கைக்காகக் கேட்கப்படுவதன்று. நம்பிக்கை என்றால் அறியாதவர்களின் ஆறுதல் என்று எண்ணுபவர்கள் படித்தவர்களிடையே பலர் உளர். எதையும் பார்த்து உதட்டைப் பிதுக்குபவரே விவேகி என்றும், "இது நடவாது" என்று முதலிற் சொல்பவரே தீர்க்கதரிசி என்றும் ஒரு மயக்கம் நிலவுகிறது. மறுபுறத்திலே, நாளைக்கே விடிந்துவிடும் என்று நாட்குறித்துச் சொல்லி, அந்த நாள் வந்ததும் வேறொரு நாளைக் குறிப்பவர்களும் இருக்கின்றனர். இவ்விருசாராருக்கும் இடையிலே உண்மையான நம்பிக்கை எங்கே நிற்கிறது என்பதைத்தான் நாம் காணவேண்டும்.

நம்பிக்கை என்று நான் இங்கே கூறுவது கடவுள் நம்பிக்கையை அன்று. பிறர்மேல் வைக்கும் நம்பகத்தையும் அன்று. "இதிலிருந்து மீள வழி உண்டு, அவ்வழியை நாம் தேடிக் காண்போம்" என்னும் மனவுறுதியையே கூறுகிறேன். வள்ளுவப் பெருந்தகை "இடுக்கண் அழியாமை" என ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை அவர் வைத்த இடத்தைக் கவனியுங்கள். துறவியின் இயலிலே வைக்கவில்லை. பொருட்பாலிலே, அரசியல் என்னும் பகுதியின் இறுதி அதிகாரமாக அது நிற்கிறது. துன்பத்திலே கலங்காமை தனி மனிதனுக்கு ஓர் அணி; ஆளுபவனுக்கோ அது கடமை.

எட்டியும் எட்டாமல் திரும்பியவர்

நான் எடுத்துக்கொண்ட மனிதர் சேர் ஏர்னஸ்ற் ஷக்கிள்ரன். அயர்லாந்திலே கில்டெயார்ப் பகுதியில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர். வணிகக் கப்பல்களில் வேலை பழகியவர். தென்துருவ ஆராய்ச்சிக்குச் சென்று பெயர் பெற்றவர். துருவப் பயணிக்கு வேண்டிய குணங்களை அவர் வரிசைப்படுத்தியபொழுது நம்பிக்கையை முதலிடத்திலும், பொறுமையை இரண்டாமிடத்திலும் வைத்தார். வீரம் என்று உலகம் கொண்டாடும் தைரியத்தை ஈற்றிலே வைத்தார். ஏன் அப்படி வைத்தார் என்பதற்கு அவர் வாழ்க்கையே உரை.

அவருடைய முதற் பெருஞ்செயல் ஒரு தோல்வி. 1908இன் பிற்பகுதியில் மூன்று தோழருடன் தென்துருவத்தை நோக்கிப் புறப்பட்டார். அதுவரை மனிதர் எவரும் துருவத்தை அடைந்ததில்லை. 1909 ஜனவரி 9ஆந் திகதி 88 பாகை 23 கலை என்னும் அகலக்கோட்டை அடைந்தனர். துருவத்துக்கு இன்னும் 97 கடல் மைல்களே எஞ்சியிருந்தன. முன்னே சென்றிருந்தால் உலகப் புகழ் அவர் காலடியில் விழுந்திருக்கும். ஆனால் கையிலிருந்த உணவைக் கணக்கிட்டுப் பார்த்தார். சென்றால் அடையலாம், மீள முடியாது என்பது தெரிந்தது. திரும்பினார். செத்த சிங்கத்தைவிட உயிருள்ள கழுதை மேலல்லவா என்னும் பொருள்பட, வீடு திரும்பியபின் தம் மனைவியாரிடம் கூறினாராம்.

திரும்பும் வழியும் இலேசானதாக இருக்கவில்லை. பசி அவர்களைத் துரத்தியது. ஒருநாள் காலை ஷக்கிள்ரன் தம் பங்கிற்குக் கிடைத்த ஒரேயொரு பிஸ்கற்றை, நோயுற்றிருந்த பிராங் வைல்ட் என்னும் தோழரின் கையிலே வற்புறுத்தித் திணித்தார். ஆயிரக்கணக்கான பவுண் கொடுத்தாலும் அந்தப் பிஸ்கற்றை வாங்கியிருக்க முடியாது என்று வைல்ட் தம் நாட்குறிப்பிலே எழுதிவைத்தார். நால்வரும் உயிருடன் மீண்டனர். இந்த வைல்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பிஸ்கற்றின் வட்டியும் முதலும் ஏழு ஆண்டுகளின் பின்னர் எப்படித் திரும்பி வந்தன என்பதைப் பின்னாற் காண்போம்.

நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொண்டு முன்னே பாய்வது என்று கருதுவோர் இந்த இடத்தைச் சிந்திக்கவேண்டும். திரும்புவதற்கும் நம்பிக்கை வேண்டும். இன்று விட்டதை இன்னொரு நாள் பிடிக்கலாம் என்று நம்புபவனே திரும்புவான். நாளை என்பதில் நம்பிக்கையற்றவனே இன்றைக்கே எல்லாவற்றையும் பணயம் வைப்பான். பசி வந்தபோதும் விதைநெல்லைத் தொடாத கமக்காரனுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பனியிற் சிக்கிய கப்பல்

1911 டிசம்பர் 14ஆந் திகதி நோர்வே நாட்டவரான அமுன்ட்சன் தென்துருவத்தை அடைந்துவிட்டார். அவர்பின் 1912 ஜனவரியில் அங்கே சென்ற ஸ்கொற்றும் அவருடைய நான்கு தோழர்களும் திரும்பும் வழியில் மாண்டனர். எஞ்சியிருந்த பெருஞ்செயல் ஒன்றுதான்: அந்தாட்டிக்காக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குறுக்கே கடப்பது. அதற்காக "என்டியூறன்ஸ்" என்னும் கப்பலிலே ஷக்கிள்ரன் புறப்பட்டார். 1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டபொழுது கப்பலையும் ஆட்களையும் கடற்படையிடம் ஒப்படைக்க அவர் முன்வந்தார். "செல்க" என்று பதில் வந்தது. 1914 டிசம்பர் 5ஆந் திகதி தென் ஜோர்ஜியாத் தீவை விட்டுக் கப்பல் தெற்கு நோக்கிச் சென்றது. அதில் இருந்தவர் 28 பேர்.

1915 ஜனவரியில், கரையை அடைய ஒருநாட் பயணமே எஞ்சியிருந்தபொழுது, வெடல் கடலின் பனி கப்பலைச் சூழ்ந்து இறுகிற்று. கப்பல் அசையவில்லை. கண்டத்தைக் கடக்கும் திட்டம் அன்றே முடிந்தது. பனித்திடலோடு கப்பலும் பத்து மாதங்கள் மிதந்தது. மே மாதம் சூரியன் மறைந்தான். யூலை முடியுந் தறுவாயிலேதான் மீண்டும் முகங்காட்டினான். அவ்விருளிலே மனிதர் மனம் பேதலிப்பது வழக்கம். முன்னைய பயணங்களிற் சிலர் அவ்வாறு ஆனதை ஷக்கிள்ரன் அறிந்திருந்தார். எனவே ஒவ்வொருவருக்கும் வேலை வகுத்தார். நாய்களைப் பழக்குதல், பனிமேற் பந்தாட்டம், இரவிலே பாட்டு, நடுக்குளிர்கால நாளிலே விருந்து என ஒழுங்குகள் செய்தார். விஞ்ஞானியும் கூலியாளும் ஒரே விதமாகத் தரையைத் தேய்த்தனர்.

வெளிப்பார்வைக்கு இஃது உல்லாசம் போலத் தோன்றலாம். ஆனால் அவர் உள்ளே அறிந்திருந்தது வேறு. பனி பிடித்ததைப் பனியே வைத்துக்கொள்ளும் என்று, கப்பற்றலைவர் வேர்ஸ்லியிடமும் வைல்டிடமும் தனித்த அறையிலே அவர் முன்னரே கூறிவிட்டார். இதனை வேர்ஸ்லி பிற்காலத்தில் எழுதிய நூலால் அறிகிறோம். கப்பல் போய்விடும் என்பதை அறிந்துகொண்டே, கப்பல் போனபின் செய்யவேண்டியவற்றை அவர் மாதக்கணக்காக எண்ணிக்கொண்டிருந்தார். உண்மையை அறியாதவன் சிரிப்பது அப்பாவித்தனம். உண்மையை முழுவதும் அறிந்தவன் பிறர் மனம் தளராதபடி சிரித்துக்கொண்டு, இரவிலே கண்விழித்துக் கணக்குப் பார்ப்பதைத்தான் நான் வீரம் என்கிறேன்.

இரண்டு இறாத்தல்

1915 ஒக்டோபர் 27ஆந் திகதி பனியின் அழுத்தத்தினால் கப்பலின் விலா எலும்புகள் நொறுங்கின. எல்லாரும் பனித்திடலில் இறங்கினர். நவம்பர் 21ஆந் திகதி கப்பல் நீருள் ஆழ்ந்தது. அருகிலே கரை இல்லை. செய்தி அனுப்ப வழி இல்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை உலகில் எவரும் அறியார். அவர் தம் மனிதரைப் பார்த்துச் சொன்னதன் சாரம் இதுதான்: கப்பலும் பண்டங்களும் போயின; ஆகவே இனி நாம் வீட்டுக்குப் போவோம். சொற்பொழிவு இல்லை, கண்ணீர் இல்லை. நேற்றுவரை கண்டத்தைக் கடப்பது இலட்சியம். இன்று முதல் ஓர் உயிரும் குறையாமல் வீடு சேர்வது இலட்சியம். பழைய இலட்சியத்துக்காக ஒரு கணமும் அவர் ஒப்பாரி வைக்கவில்லை.

சுமையைக் குறைக்க ஒவ்வொருவரும் இரண்டு இறாத்தல் பொருளை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று கட்டளையிட்டார். கட்டளையிட்டதும் முதலில் தம்முடைய பொற்காசுகளை எடுத்துப் பனியிலே எறிந்தார். அரசியார் அலெக்சாந்திரா கப்பலுக்கு அளித்த வேதாகமத்தையும் அங்கேயே விட்டார். அதிலிருந்து சில தாள்களை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டார். ஆனால் ஹசி என்பவருடைய பான்ஜோ என்னும் நரம்பு வாத்தியத்தை விட்டுவர விடவில்லை. இரண்டு இறாத்தலைப் பார்க்க அது பன்மடங்கு பாரம். எனினும் அது மனத்துக்கு மருந்து என்றார். பொன்னை எறிந்து வாத்தியத்தைச் சுமந்த அந்தக் கணக்கிலே ஒரு தலைவனுடைய முழு அறிவும் அடங்கியிருக்கிறது.

நித்திரைப் பைகளிலே பதினெட்டு மட்டுமே மிருக உரோமத்தால் ஆனவை. ஏனையவை கம்பளியால் ஆனவை. குளிரை அவ்வளவு தாங்கமாட்டா. சீட்டுப் போட்டார்கள். ஷக்கிள்ரன், வைல்ட், வேர்ஸ்லி ஆகியோருக்கும் அதிகாரிகள் பலருக்கும் கம்பளிப் பைகளே விழுந்தன. சாதாரண மாலுமிகளுக்கெல்லாம் நல்ல பைகள் கிடைத்தன. சீட்டிலே ஏதோ சூது நடந்திருக்கவேண்டும் என்று மாலுமிகளில் ஒருவர் பிற்காலத்தில் எழுதினார். தமக்குக் குறையும்படி சூது செய்யும் தலைவர்களை நாம் அடிக்கடி காண்பதில்லை.

கூடாரங்களைப் பங்கிட்டபொழுதும் அப்படியே. முணுமுணுப்பவர்களையும், மனத்தாங்கல் உள்ளவர்களையும் தம்முடைய கூடாரத்திலேயே வைத்துக்கொண்டார். இனியவர்களோடு தாம் இருந்துகொண்டு, கசப்பு உள்ளவர்களை ஒரு மூலையிற் சேரவிட்டால் அக்கசப்பு முகாம் முழுவதும் பரவும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மனச்சோர்வு தொற்றுநோயைப் போன்றது. அதனை அடக்குபவன் நோயாளியின் அருகிலே படுக்கவேண்டும்.

படகுகளைப் பனிமேல் இழுத்துச் சென்று கரை சேரலாம் என இருமுறை முயன்றனர். முதன்முறை மூன்று நாளில் இரண்டு மைல்கூடச் செல்ல முடியவில்லை. டிசம்பர் இறுதியில் மறுபடியும் முயன்றனர். ஒரு வாரத்திலே ஏழெட்டு மைல்களே சென்றனர். இரண்டு முறையும் அவரே "நிறுத்துங்கள்" என்றார். தாம் இட்ட கட்டளையைத் தாமே மாற்றுவதால் மதிப்புக் குறையும் என்று அவர் அஞ்சவில்லை. இலட்சியத்திலே பிடிவாதம்; வழியிலே பிடிவாதமின்மை. இவ்விரண்டையும் பிரித்தறியாத தலைவனுடைய நம்பிக்கை மக்களைக் கொன்றுவிடும்.

ஆறு பேர், ஒரு படகு

1916 ஏப்பிரல் 9ஆந் திகதி பனித்திடல் பிளந்தது. மூன்று சிறு படகுகளிலே 28 பேரும் கடலில் இறங்கினர். உறக்கமும் குடிநீரும் இன்றி அலைந்து, ஏப்பிரல் 15ஆந் திகதி எலிபன்ற் தீவிலே கால் வைத்தனர். தென் ஜோர்ஜியாவை விட்டுப் புறப்பட்டபின் 497 நாட்கள் கழித்து அவர்கள் மிதித்த முதல் நிலம் அது. ஆனால் அங்கே மனிதர் இல்லை. கப்பல்கள் அவ்வழியாகச் செல்வதில்லை. அங்கிருந்து மீட்புத் தேடி எவரேனும் போகத்தான் வேண்டும்.

ஷக்கிள்ரன் தாமே புறப்பட்டார். "ஜேம்ஸ் கெயார்ட்" என்னும் படகு இருபத்திரண்டரை அடி நீளமானது. போகவேண்டிய தூரம் ஏறக்குறைய 800 கடல் மைல். உலகிலேயே மிகக் கொந்தளிப்பான கடல். மக்னிஷ் என்னும் தச்சர் படகின் விளிம்பை உயர்த்தி, கிடைத்த பலகைகளாலும் கித்தான் துணியாலும் அதற்கு மேற்றளம் அமைத்தார். ஏப்பிரல் 24ஆந் திகதி ஆறு பேர் புறப்பட்டனர். நான்கு வாரத்துக்கு மட்டுமே உணவு ஏற்றச் சொன்னார் ஷக்கிள்ரன். நான்கு வாரத்தில் போய்ச் சேராவிட்டால் படகே இராது என்பது அவர் கணக்கு. தாம் திரும்பி வராவிட்டால் செய்யவேண்டியவற்றை எழுதி வைல்டிடம் கொடுத்தார். நான் திரும்பி வருவேன் என்று சொன்ன அதே வாய், வராவிட்டால் இன்னது செய் என்றும் சொல்லிற்று. இதில் முரண்பாடு இல்லை. தோல்விக்கும் ஒழுங்கு செய்து வைத்துவிட்டு வெற்றியை நோக்கி நடப்பதே முதிர்ந்த நம்பிக்கை.

அப்படகிலே நடந்த ஒரு சிறு செய்தியை வேர்ஸ்லி பதிவுசெய்திருக்கிறார். ஆறு பேரில் ஒருவர் குளிரினால் அதிகம் வருந்துவதைக் கண்டால், ஷக்கிள்ரன் எல்லாருக்கும் சூடான பால் காய்ச்சச் சொல்வாராம். இன்னாருக்காக என்று சொல்வதில்லை. தன்னாலே மற்றவர்களுக்குத் தொல்லை என்று அம்மனிதர் கூசக்கூடாது என்பதே காரணம்.

முகிலின் இடைவெளியிலே நான்கு முறை மட்டும் சூரியனை அளந்து வேர்ஸ்லி வழி கண்டார். மே மாதம் 10ஆந் திகதி தென் ஜோர்ஜியாவை அடைந்தனர். அடைந்ததோ மனிதர் இல்லாத கரை. திமிங்கில வேட்டைக்காரர் நிலையங்கள் தீவின் மறுபுறத்திலே இருந்தன. நடுவே எவரும் கடந்தறியாத பனிமலைகள். ஷக்கிள்ரனும் வேர்ஸ்லியும் ரொம் கிறீன் என்பாரும் சப்பாத்தின் அடியிலே திருகாணிகளைப் பொருத்திக்கொண்டு 36 மணி நேரம் இடைவிடாது நடந்து, மே 20ஆந் திகதி ஸ்ரொம்னெஸ் என்னும் நிலையத்தை அடைந்தனர்.

அந்த நடையிலே ஓரிடத்தில் மற்ற இருவரும் அமர்ந்தபடியே உறங்கிவிட்டனர். மூவரும் உறங்கினால் மூவரும் எழமாட்டார்கள். ஷக்கிள்ரன் விழித்திருந்து, ஐந்து நிமிடத்தில் அவர்களை எழுப்பி, "அரை மணி நேரம் தூங்கிவிட்டீர்கள்" என்று சொன்னார். அவர்களும் தெம்புடன் எழுந்து நடந்தனர். இது பொய்யல்லவா என்று நீங்கள் கேட்கலாம். பொய்தான். ஆனால் அப்பொய்யைச் சொன்னவர் அந்த ஐந்து நிமிடங்கூட உறங்கவில்லை. அதைத் தம் நூலிலே பின்னர் எழுதி எல்லாரும் அறியவும் செய்தார். தான் உறங்கிக்கொண்டு மக்களைப் பார்த்து "நீங்கள் போதிய அளவு உறங்கிவிட்டீர்கள்" என்று சொல்பவர்களுடைய பொய்யை இதனோடு சேர்த்து எண்ணலாகாது.

காத்திருந்தவர்கள்

புறப்பட்டவர்களின் வீரத்தைப் பாடுவோர் காத்திருந்தவர்களை மறந்துவிடுவர். எலிபன்ற் தீவிலே 22 பேர் எஞ்சினர். இரண்டு படகுகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் கீழே புகையிலும் ஈரத்திலும் வாழ்ந்தனர். கப்பலிற் கள்ளமாக ஏறிவந்த பிளாக்போரோ என்னும் இளைஞனுடைய இடக்காற் பெருவிரல் முதலாய விரல்கள் குளிரினால் அழுகின. 1916 யூன் மாதத்தில், எஞ்சியிருந்த சிறிதளவு குளோறபோமைக் கொண்டு இரு வைத்தியர்கள் அவ்விரல்களை அந்தக் கூரையின் கீழேயே வெட்டியெடுத்து அவனைக் காப்பாற்றினர்.

இவர்களுக்குத் தலைவராக இருந்தவர் அந்தப் பிஸ்கற்றைப் பெற்ற பிராங் வைல்ட். கடல் பனியில்லாமல் இருந்த ஒவ்வொரு நாட்காலையிலும் அவர் எழுந்து, "பைகளைச் சுருட்டிவையுங்கள், தலைவர் இன்றைக்கு வரலாம்" என்று சொல்வார். வந்துவிடுவார் என்று அவர் நாட்குறிக்கவில்லை. வரலாம் என்றே சொன்னார். இன்று வரலாம்; வந்தால் நாம் ஆயத்தமாய் இருக்கவேண்டும். ஆகவே படுக்கையைச் சுருட்டு, பனியை அள்ளு, பறவையைப் பிடி. நம்பிக்கை என்பது அவரிடத்தில் ஒரு வேலையாகவே மாறிற்று.

மறுபுறத்திலே ஷக்கிள்ரன் நான்கு கப்பல்களிலே முயன்றார். முதலிலே ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல். பின்னர் உருகுவே நாட்டுக் கப்பல். மூன்றாவதாக ஒரு பாய்க்கப்பல். மூன்றையும் பனி தடுத்துத் திருப்பிற்று. நான்காவதாக, லூயிஸ் பார்டோ என்னும் சிலி நாட்டுக் கடற்படையாளர் நடத்திய "யெல்கோ" என்னும் சிறு கப்பல் 1916 ஓகஸ்ட் 30ஆந் திகதி தீவை அடைந்தது. படகு புறப்பட்டு 128 நாட்கள் சென்றிருந்தன. கரையை நெருங்கும்போதே ஷக்கிள்ரன் தலைகளை எண்ணினார். இருபத்திரண்டும் இருந்தன.

நாணயத்தின் மறுபக்கம்

இத்துடன் முடித்துவிட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மையையே கூறியவனாவேன். வீரர்களைத் தெய்வமாக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். அது வீரர்களுக்கும் நல்லதன்று, நமக்கும் நல்லதன்று.

தென் ஜோர்ஜியாவிலிருந்த திமிங்கில வேட்டைக்காரர்கள் அவ்வாண்டு பனி மிக அதிகம் என்று எச்சரித்தார்கள். ஷக்கிள்ரன் ஒரு மாதம் தாமதித்தாரேயன்றிப் பயணத்தைக் கைவிடவில்லை. பனித்திடலிலே வாழ்ந்தபோது, கடல்நாய் இறைச்சியை அதிகம் சேர்த்துவைக்கவேண்டும் என்று ஓட்-லீஸ் என்பவர் வாதாடினார். நெடுங்காலத்துக்குச் சேமித்தால் மீட்சி தூரம் என்று ஆட்கள் எண்ணுவர் என அஞ்சி ஷக்கிள்ரன் அதற்கு இணங்கவில்லை. பின்னர் உணவு குறுகியபொழுது ஓட்-லீஸின் சொல்லே சரியென்று தோன்றிற்று. நம்பிக்கையைக் காப்பதற்காகக் களஞ்சியத்தைக் குறைப்பது நம்பிக்கையாகாது. நல்ல மழை வரும் என்று நம்பும் கமக்காரன் வரப்பை உயர்த்தாமல் விடுவதில்லை.

இதனினும் துயரமானது ஒன்றுண்டு. கண்டத்தின் மறுகரையாகிய றொஸ் கடற் பக்கத்திலே இன்னொரு குழு இறங்கியிருந்தது. கண்டத்தைக் கடந்து வரும் ஷக்கிள்ரனுக்காக வழிநெடுக உணவு வைப்பது அவர்கள் கடமை. அவர்களுடைய கப்பல் 1915 மே மாதத்திற் புயலில் அறுந்து சென்றுவிட, பத்துப் பேர் கரையிலே தவித்தனர். தவித்தபோதும் கடமையை விடாது உணவை இழுத்துச் சென்று வைத்தனர். அவ்வுணவை உண்ண எவரும் வரவில்லை. அவர்களில் ஸ்பென்சர் சிமித், மக்கின்ரோஷ், ஹேவார்ட் என்னும் மூவர் மாண்டனர். எஞ்சிய ஏழு பேரை 1917 ஜனவரியில் மீட்ட கப்பலிலே ஷக்கிள்ரனும் சென்றிருந்தார். "ஓர் உயிரும் குறையவில்லை" என்னும் புகழ்மொழி கப்பலில் இருந்த 28 பேருக்குப் பொருந்தும். முழுப் பயணத்துக்கும் பொருந்தாது. தன் கண்முன்னே உள்ளவர்களிடம் சுடர்விடும் நம்பிக்கை, கண்ணுக்கு எட்டாதவர்களைக் காப்பதற்குப் போதாமற்போவதுண்டு.

அந்தத் தச்சர் மக்னிஷையும் சொல்லவேண்டும். பனிமேல் படகை இழுத்தபொழுது அவர் ஒருநாள் கட்டளைக்கு மறுத்தார். பிற்பாடு அவர் கைத்திறனாலேயே ஜேம்ஸ் கெயார்ட் கடலைத் தாங்கிற்று. எனினும் மற்றவர்களிற் பெரும்பாலோருக்குக் கிடைத்த துருவப் பதக்கம் அவருக்கு வழங்கப்படவில்லை; ஷக்கிள்ரன் அவரைப் பரிந்துரைக்கவில்லை. ஆபத்திலே மன்னித்து அரவணைக்கத் தெரிந்தவருக்கு ஆபத்து நீங்கியபின் மன்னிக்க இயலவில்லை. மனிதர் மனிதரே.

எதைக்கொண்டு அளப்பது?

பெரியோர்களே, இனி முதலிற் கேட்ட கேள்விக்கு வருவோம். வழி உண்டு என்று சொல்பவன் வீரனா, ஏமாற்றுக்காரனா? வாயைப் பார்த்து இதனை அறிய முடியாது. இருவரும் ஒரே சொல்லைத்தான் சொல்வர். நான்கு கேள்விகளைக் கேட்டால் வேறுபாடு வெளிப்படும்.

முதலாவது, அவன் கணக்குப் பார்த்திருக்கிறானா? எத்தனை நாளுக்கு உணவு, எத்தனை மைல் தூரம் என்று சொல்லத் தெரியாதவனுடைய நம்பிக்கை வெறும் காற்று. இரண்டாவது, அவனுக்குத் திரும்பத் தெரியுமா? அடைய முடியாத வழியிலே தன் மானத்துக்காக மக்களை இழுப்பவன் நம்பிக்கையாளன் அல்லன், சூதாடி. மூன்றாவது, அவனுடைய நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர் யார்? பிஸ்கற்றை விட்டவன் யார், மெல்லிய பையிலே குளிரிற் படுத்தவன் யார் என்று பாருங்கள். தலைவன் உண்டு, மக்கள் பட்டினி கிடந்து வளர்க்கும் நம்பிக்கை வஞ்சகம். நான்காவது, அவன் இல்லாதபோது என்ன நிகழ்கிறது? அவன் மூட்டிய தீ அவனோடு போய்விட்டால் அது தலைமையன்று. தலைவர் இல்லாத தீவிலே நாள்தோறும் பைகளைச் சுருட்டச் சொன்ன வைல்டை உருவாக்கியதே ஷக்கிள்ரனுடைய மிகப் பெரிய செயல் என்று நான் கருதுகிறேன்.

இங்கே வைத்தியர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், சட்டத்தரணிகளும், எழுதுவினைஞர்களும், கமக்காரர்களும் இருக்கிறீர்கள். நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு சிறு கூட்டத்துக்கேனும் தலைவர்களே. தலைமை என்பது மேடைக்காரருக்கு மட்டும் உரியது என்று எண்ணவேண்டாம். நோயாளியின் வீட்டாரிடம் உண்மையை மறையாமலும் நெஞ்சை முறியாமலும் பேசும் வைத்தியர், இரண்டு போகம் பொய்த்தபின்னும் மண்ணைக் கிளறி அடுத்த போகத்துக்கு ஆயத்தம் செய்யும் கமக்காரர், பின்தங்கிய பிள்ளையைக் கைவிடாத ஆசிரியர் ஆகிய இவர்களே ஒரு சமூகத்தின் உண்மையான தலைவர்கள். சோர்வு பேசுவது எளிது, அதற்குச் செலவில்லை. நடவாது என்று சொன்னவன் நடவாவிட்டால் தீர்க்கதரிசியாகிறான். நடந்துவிட்டாலோ எவரும் அவனைக் கேள்வி கேட்பதில்லை. நடக்கும் என்று சொன்னவனோ தன் சொல்லுக்குத் தன் உடலையே பிணை வைக்கிறான். அதனாலேதான் நம்பிக்கையை வீரம் என்றேன்.

ஷக்கிள்ரன் 1922 ஜனவரி 5ஆந் திகதி, மற்றுமொரு தென்துருவப் பயணத்தின்போது, தென் ஜோர்ஜியாவிலே தமது 47ஆவது வயதிற் காலமானார். கடனாளியாகவே இறந்தார். அத்தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதன்பின் நூறு ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச் 5ஆந் திகதி, வெடல் கடலின் அடியிலே 3,008 மீற்றர் ஆழத்தில் என்டியூறன்ஸ் கப்பலை ஆராய்ச்சியாளர் கண்டனர். அக்குளிர்ந்த நீரிலே மரத்தை அரிக்கும் புழுக்கள் இன்மையால் கப்பல் பெரிதும் சிதையாது நிமிர்ந்து நின்றது. பின்புறத்திலே பொறித்த பெயரும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெயருக்குத் தாங்கும் ஆற்றல் என்று பொருள். கப்பல் தாங்கவில்லை, அதில் இருந்த மனிதர் தாங்கினர்.

துன்பம் வரும்போது நம்மிடையே உள்ள தலைவர்களை இந்த நான்கு கேள்விகளால் அளந்து பாருங்கள். அளந்தபின் அதே கேள்விகளை உங்களை நோக்கியும் கேளுங்கள். இவ்வளவே நான் சொல்ல வந்தது.